சுந்தரபாண்டியத்துக் கைமணி

கார்த்திகை பிறந்தும் மழை விடவில்லை. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த பால்துரை சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். போலீஸில் முப்பது வருஷம் இருந்து ஏட்டாக ஓய்வு பெற்றவர். மலையடிவாரத்து ஊர்களெல்லாம் அலைந்த கால்கள், இப்போது நாலு தெரு நடந்தாலே கடுத்தன.

உத்தியோகத்தில் இருந்தபோதே அவருக்குப் பழைய சாமான்கள் மேல் ஒரு கிறுக்கு. வெற்றிலைச் செல்லம், பாக்குவெட்டி, தூக்குவிளக்கு, சாவி தொலைந்த பூட்டு, பிடி உடைந்த வாள் என்று முன்னறை முழுக்க அடைந்து கிடந்தது. மழைக்காலம் வந்தால் எல்லாவற்றிலும் களிம்பு ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து புளி போட்டுத் தேய்ப்பார். அன்றைக்கு ஒரு செல்லத்தைத் தேய்ப்பதற்குள் கை ஓய்ந்துவிட்டது.

"ஓய்வுநாள்னு பேரு. இதுகளோட மாரடிக்கிய" என்றாள் அவர் மனைவி அன்னாள், அடுப்படியிலிருந்து.

வாசலில் ஒரு மாட்டுவண்டி நின்றது. நனைந்த துண்டைப் பிழிந்தபடி உள்ளே வந்தவர் சுந்தரபாண்டியத்துச் சோலைச்சாமி. அறுபது வயதுச் சம்சாரி. பால்துரைக்குப் பழைய பழக்கம்.

"ஏட்டையா, ஒரு யோசனை கேக்க வந்தேன். எங்க குலசாமி கோயில் கைமணியைக் காணோம். வார வெள்ளிக்கிழமை பொங்க வைக்கணும். மணி இல்லாம சாமி அழைக்க முடியாது. ஸ்டேஷனுக்குப் போனா ஊரு நாறிப்போகும். நீங்க பழைய சாமானா வாங்குறவுக. யாரும் விக்க வந்தா உங்க காதுல விழுமேன்னு..."

பால்துரை நாற்காலியில் நிமிர்ந்தார். "பிடியில காளை உக்காந்திருக்குமா?" என்று கேட்டார்.

"ஆமா. ஒரு கொம்பு முறிஞ்சிருக்கும்."

எழுந்து போய், தூக்குவிளக்குக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து வந்து சோலைச்சாமியின் கையில் வைத்தார். சோலைச்சாமி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"யாரு கொண்டாந்தது?"

"ராஜபாளையம் பக்கம்னு சொன்னான். தாத்தா சொத்துன்னான். நானும் தோண்டிக் கேக்கலை. இளவட்டப் பய. இடது புருவத்துல வெட்டின மாதிரி ஒரு தழும்பு."

சோலைச்சாமி மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டார், சத்தம் வராதபடி.

"சின்னதுல மாடு முட்டின தழும்பு அது" என்றார். "எம் மகன் கருத்தையா."

அன்னாள் கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"நான் கொண்டு போனா எங்கே கெடச்சதுன்னு கேப்பாக. எனக்குப் பொய் சொல்ல வராது, ஏட்டையா."

பால்துரை ஆணியிலிருந்து சட்டையை எடுத்தார். "வண்டியைத் திருப்புங்க. நானே வந்து குடுக்கேன்."

"கால் வலிக்கிதுன்னு இப்பத்தானே சொன்னிய?" என்றாள் அன்னாள்.

"வண்டிதானே நடக்கப்போகுது."

சுந்தரபாண்டியம் போய்ச் சேரும்போது மழை தூறலாகியிருந்தது. கோயில் முன்னால் ஆட்கள் கூடினார்கள். பால்துரை மணியைப் பூசாரியிடம் கொடுத்துவிட்டு, "நான்தான் தெரியாம விலைக்கு வாங்கிட்டேன்" என்றார்.

"யார்ட்ட வாங்கினிய?" என்றது ஒரு குரல்.

"பேரு கேக்கலை."

"ஏட்டையாவா இருந்துக்கிட்டுப் பேரு கேக்கலையா?"

"பொருள் மேல ஆசை. கேட்டா வாங்க முடியாமப் போயிருமோன்னு கேக்கலை."

யாரோ சிரித்தார்கள். "திருட்டுச் சாமான் வாங்குற போலீஸு" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னது அவர் காதில் விழுந்தது. அந்தக் குற்றத்துக்கு எத்தனையோ பேரை அவர் கை விலங்கிட்டு நடத்திப் போயிருக்கிறார். கூட்டத்தின் ஓரத்தில் கருத்தையா வெளிறிப்போய் நின்றான். அவன் மேல் பார்வை படாமல் பால்துரை பூசாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். மணி கிடைத்த சந்தோஷத்தில் கூட்டம் மெல்லக் கலைந்தது.

சோலைச்சாமி மகனிடம் போனார். "ஏலே, ஏட்டையாவை வீட்டுல விட்டுட்டு வா" என்றார்.

கருத்தையா வண்டியை ஓட்ட, பால்துரை பின்னால் உட்கார்ந்திருந்தார். ஓடை தாண்டும்போது வண்டி குலுங்கியது. கருத்தையா திரும்பாமலே கேட்டான்.

"ஏன் சொல்லலை?"

"முப்பது வருஷமா ஆளு பேரைச் சொல்லிச் சொல்லி வாயி அலுத்துப்போச்சுலே."

கொஞ்ச தூரம் போனதும் அவனாகவே சொன்னான். "மதுரையில மில்லுல சேரலாம்னு போனேன். ஆளு வேண்டாம்னுட்டாக. அப்பாட்ட கேட்டா விடமாட்டாருன்னுதான் வழிச்செலவுக்கு மணியை எடுத்தேன்... திரும்பி வந்த பொறவுதான் கோயில் பக்கமே போக முடியலை."

"அப்பாட்ட சொன்னியா?"

"அவருக்குத் தெரியும்போல."

"தெரியும். இருந்தாலும் நீ சொல்லு."

அவன் அழுகிறான் என்பது முதுகு அசைந்ததில் தெரிந்தது. பால்துரை கண்ணை மூடிக்கொண்டார்.

வீடு வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. அவன் கைகொடுத்து இறக்கிவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனான்.

முன்னறையில் அன்னாள் விளக்கேற்றியிருந்தாள். பித்தளையும் வெண்கலமும் மங்கலாகப் பளபளத்தன. எதையும் தொடாமல் பால்துரை நின்றார். இந்தச் செல்லம் எந்த வீட்டுக் கல்யாணத்துக்கு வந்ததோ. அந்த விளக்கை எந்த ஊரில் தேடிக்கொண்டிருக்கிறார்களோ.

"இதுல எதெது எங்கேயிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, அன்னாள்."

"நீங்க கேக்க மாட்டியன்னு கொண்டாந்து விக்கிறவனுகளுக்குத் தெரியும்" என்றாள் அவள். கோபமில்லாமல், அசதியாகச் சொன்னாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் உள்ளே போய் வெந்நீர்ப் பாத்திரத்தைத் தூக்கிவந்து அவர் காலடியில் வைத்தாள்.

"காலை இதுல வைங்க" என்றாள். "மத்ததை நாளைக்குப் பாப்போம்."