வெறுங்காலில் சாட்சி

இந்தக் காலை முழங்காலோடு வெட்டி எடுத்திருந்தால் யாரும் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். இல்லாத கால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதைப் பற்றி யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

தங்கம் இப்படி நினைத்துக்கொண்டு அடுப்படியில் ஒற்றைக் காலில் சாய்ந்து நின்றபோது, ஹாலில் அவள் கணவர் லாசர் அறுப்பின் பண்டிகை ஆராதனைத் தாளைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். பாட்டு, ஜெபம், வேத வாசிப்பு, காணிக்கை எல்லாவற்றையும் விறுவிறுவென்று தாண்டி வந்தவர், சாட்சி என்ற இடத்தில் மட்டும் நிறுத்தி, நிதானமாக வாசித்தார். திருமதி தங்கம் லாசர், ஆசிரியை, கோச்சடை. பெயரில் எழுத்துப் பிழை இல்லை என்று அவருக்குச் சந்தோஷம். போன வருடம் யாருக்கோ தப்பாக அச்சடித்துப் பெரிய வருத்தமாகிவிட்டதாம்.

நாளைக் காலை ஆராதனை. இருநூறு பேர் முன்னால் மைக்கைப் பிடித்து, என் கால் சுகமாகிவிட்டது என்று அவள் சொல்ல வேண்டும். கால் சுகமாகவில்லை. அது அவளுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

மூன்று வருடத்து வலி அது. இடது காலில் நடுவிரலுக்கும் அதற்கடுத்த விரலுக்கும் இடையில் ஓடும் நரம்பு தடித்துப் போயிருந்தது. சாதாரணமாக நடக்கும்போதே, சூடேறிய சல்லிக் கல் ஒன்று உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டு கூடவே வருவது போல இருக்கும். தங்கம் மிஷன் பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சர். நின்றே பாடம் நடத்திப் பழகியவள். கரும்பலகைப் பக்கம் திரும்பி, பிள்ளைகளுக்குத் தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொள்வாள். வெளியே பார்க்க ஒன்றுமே இருக்காது. வீக்கமில்லை, புண்ணில்லை. பாதம் கல்யாணப் பெண்ணுடையது போல அழகாகவே இருந்தது. அதனாலேயே யாரும் முழுசாக நம்பவில்லை. செருப்பை மாற்றச் சொன்னார்கள். உடம்பைக் குறைக்கச் சொன்னார்கள். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைக்கச் சொன்னார்கள்.

கடைசியில் கோடை விடுமுறையில் அறுவை சிகிச்சை. பாதத்தின் மேல்பக்கம் கீறி, தடித்த நரம்பை ஒரு துண்டாக வெட்டி எடுத்தார்கள். இனி அந்த இரண்டு விரல்களுக்கும் நடுவில் உணர்ச்சி இருக்காது, ஆனால் வலியும் இருக்காது என்று டாக்டர் சொன்னார். நல்ல வியாபாரமாகத்தான் தோன்றியது.

முதல் ஆறு வாரம் லாசர்தான் வீட்டைப் பார்த்தார். நாகமலை புதுக்கோட்டையில் பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை. காலையில் ரசம் வைத்து, அப்பளம் பொரித்து மூடிவைத்துவிட்டுக் கிளம்புவார். சாயங்காலம் வந்து, அவள் காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் குளியலறை வரை தாங்கிக்கொண்டு போவார். அவருடைய ரசத்தில் புளி எம்புட்டு, உப்பு எம்புட்டு என்ற கணக்கே கிடையாது. ஆனால் தினமும் வைத்தார். தன் தம்பி சின்ன வயதில் மஞ்சள்காமாலையில் போனதிலிருந்து கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பிரசங்கம் தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விடுகிற மனிதர், அந்த நாட்களில் அவள் கட்டிலருகே முழங்கால் போட்டு வாய்விட்டு ஜெபித்தார். தங்கம் கண்ணை மூடாமல் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது வாரத்தில்தான் அந்தத் தப்பு நடந்தது. அவர்கள் போகும் விளாங்குடி சபைப் பெண்கள் ஏழெட்டுப் பேர், போதகரம்மாவோடு வீட்டு ஜெபத்துக்கு வந்தார்கள். அவளுக்காக வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருந்தவர்கள். ஒருத்திக்குச் சர்க்கரை வியாதி, அப்படியும் மதியம் வரை பச்சைத் தண்ணீரோடு இருந்தாள். எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்று, இப்போது எப்படி இருக்கிறது டீச்சர் என்று கேட்டார்கள். காலைத் தரையில் வைத்தே மூன்று வாரமாகியிருந்தது. மாத்திரையும் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. அத்தனை முகங்களையும் வெறுங்கையோடு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. வலியே இல்லை, கர்த்தர் எடுத்துப்போட்டார் என்று சொல்லிவிட்டாள். பலகாரத் தட்டை நீட்டுவது போலத்தான் சொன்னாள். அவர்கள் அதை எடுத்துக்கொண்டு போய் ஊரெல்லாம் கொடுத்துவிட்டார்கள்.

பதினோராவது வாரம் பள்ளி மைதானத்தில் காலைப் பிரார்த்தனைக்குப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தபோது வலி திரும்பி வந்தது. பழைய இடத்தில் இல்லை. ஒரு விரற்கடை பின்னால் தள்ளி, உள்ளங்காலின் நடுவில் யாரோ கம்பியைத் தொட வைத்த மாதிரி ஒரு வெட்டு. கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் ஊற்றினால் குளிரும் தெரியாத விரல்கள் ஒரு பக்கம், அதற்குப் பின்னாலேயே தீ. மரத்துப்போன இடமும் எரிகிற இடமும் ஒரே பாதத்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களாகக் குடியிருந்தன.

ஒன்றரை மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பள்ளியில் அரை நாள் லீவு போட்டுத் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்தியதும் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வெட்டிய நரம்பின் நுனி முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறது, சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார். யார் மேலும் தப்பில்லை. மறுபடி திறக்கலாம், இந்த முறை உள்ளங்கால் பக்கமிருந்து. சரியாகலாம். ஆகாமலும் போகலாம். இதைவிட மோசமாகவும் ஆகலாம். நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை. கொஞ்சம் மறைத்திருக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. அம்மா எண்பத்திரண்டு வரை இருந்தாள். கழித்துப் பார்த்துவிட்டு ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். வைகைப் பாலம் போனது, கோச்சடை நிறுத்தம் போனது. அவள் இறங்கவில்லை. கண்டக்டர் அடையாளம் கண்டு, டீச்சர் உங்க ஸ்டாப் போயிருச்சே என்றபோதுதான் எழுந்தாள்.

டாக்டர் கொடுத்த புது மாத்திரை பள்ளிக்கூடக் கைப்பைக்குள் இருக்கிறது. அதைப் போட்டால் வலி அப்படியேதான் இருக்கும், அவள்தான் கொஞ்சம் தூரமாகப் போய்விடுவாள். ஒருநாள் ஏழாம் வாய்ப்பாட்டில் பாதியில் நின்றுவிட்டாள். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு பயந்துபோய் அவர்களே மீதியைச் சொல்லி முடித்தார்கள்.

பாத்திரம் தேய்க்க வரும் ஒச்சம்மாள் மட்டும்தான் எதையோ கண்டுபிடித்துவிட்டாள். வீட்டுக்குள் போட்டு நடக்கும் தடித்த ரப்பர் செருப்பைப் போன வாரம் ஒருநாள் வாசலில் கழுவிவைத்தவள், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டீச்சர், சோடி வாங்கி மூணு மாசங்கூட ஆகல. வலது அப்பிடியே இருக்கு, இடது ஒரு ஓரமா தேஞ்சு போய்க் கெடக்கு பாருங்க. கால் நல்லாயிருச்சுன்னு சார் தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியுறாரு. செருப்புக்கு இன்னும் சேதி வரல போல."

தங்கம் சிரித்தாள். சிரித்து முடித்தபோது அழுகை வரும் போலிருந்தது. உள்ளே போய்விட்டாள்.

லாசர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலுக்கு வந்தார். நாளைக்கு வெள்ளைச் சேலையா, நீலக்கரை போட்டதா என்று கேட்டார். கோயம்புத்தூரிலிருந்து மகள் ஜெனி வீடியோவில் பார்க்கப் போகிறாளாம். இன்றைக்கு விட்டால் சொல்ல முடியாது என்று தங்கத்துக்குத் தெரிந்தது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, காலு இன்னும் சரியாகலங்க. வலிக்குது."

அவர் முகம் அசையவில்லை. ஒரு நொடிதான், பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்.

"அது தையல் போட்ட எடத்து வலி. இருக்கத்தான் செய்யும். நல்லது நடக்கப் போறப்பதான் அவன் வந்து குழப்பிவிடுவான். நீ அதுக்கு எடங்குடுக்காத, தங்கம்."

அவன் என்றால் சாத்தான். சபையில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், அவளும் மற்றவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். பிள்ளை இல்லாதவளிடம், வேலை கிடைக்காதவனிடம், மனசு சரியில்லாமல் தூங்காமல் கிடந்த ஒரு பெண்ணிடம்கூடச் சொன்னாள். இடங்கொடுக்காதே. அந்தப் பெண் அன்றைக்கு அவளைப் பார்த்த பார்வை இப்போது ஞாபகத்துக்கு வந்தது. வலிக்கிறது என்று சொன்னால் அது வலி அல்ல, விசுவாசக் குறைவு. இனிமேல் இந்த வீட்டில் அப்படித்தான். டாக்டர் சீட்டை எடுத்துக் காட்டலாம். காட்டினால் லாசர் அதை வாசித்துவிட்டு, பழைய கடைசி பெஞ்சுக்குத் திரும்பிவிடுவார். தம்பிக்காகக் கேட்டுக் கிடைக்காமல் போனபிறகு முதல் தடவையாக அவர் கேட்டது கிடைத்திருக்கிறது. அதை எப்படிப் பிடுங்குவது?

நீலக்கரை என்றாள். அவர் இஸ்திரிப் பெட்டியை எடுக்கப் போனார்.

படுக்கையில் ஜெபம் வரவில்லை. ஆண்டவரிடம் அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அவரைப் பற்றித்தான் சொல்லிவிட்டாள். அதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்றால், கேட்டு முடித்துவிட்டு நாளைக்கு மறுபடி அதையே மைக்கில் சொல்ல வேண்டும். போர்வை காலில் படாமலிருக்க இரண்டு தலையணைகளுக்கு நடுவில் பாதத்தை வைத்துக்கொண்டாள். எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

காலையில் கோயில் வாசல் முழுக்கச் செருப்பு. பீடத்தைச் சுற்றி வாழைத்தார், பூசணிக்காய், நெல் மூட்டை, தேங்காய். பிறகு ஏலம் விடக் கால்கட்டிய ஒரு சேவல் தூணருகே கிடந்து, ஜெபத்துக்கு நடுவில் கொக்கரித்துக்கொண்டிருந்தது. தங்கம் படிக்கட்டில் நின்று செருப்பைக் கழற்றினாள். இந்த ஒன்றைத்தான் வலி திரும்பியதிலிருந்து தட்டிக்கழித்து, பால்வாடிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளே புதிதாகப் போட்ட கிரானைட் தரை. சில்லென்று பளபளவென்று, எலும்பைப் போல கடினமாக இருந்தது. முதல் அடியிலேயே கம்பி வெட்டியது. நான்காவது பெஞ்சு வரை லாசரின் பின்னால், குதிகாலை மட்டும் ஊன்றி நடந்தாள். பார்த்தவர்களுக்குப் பயபக்தியாகத் தெரிந்திருக்கும்.

அவளுக்கு முன்னால் ஒரு ஆட்டோக்காரர் மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னார். சொல்லும்போதே அழுதார். அது உண்மையான அழுகை. கேட்டுக்கொண்டிருந்த தங்கத்துக்குப் பொறாமையாக இருந்தது.

போதகர் அவள் பெயரைச் சொன்னார். ஜெபக்குழுப் பெண்கள் இடதுபக்கத்திலிருந்து மொத்தமாகத் திரும்பினார்கள். சர்க்கரை வியாதிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். லாசர் போனை உயர்த்திப் பிடித்து, ஜெனி பாத்துக்கிட்டிருக்கா என்று காதருகே சொன்னார். பெஞ்சிலிருந்து மைக் வரை பதினெட்டு அடி இருக்கும். சுகமாகிவிட்டேன் என்று சொல்லப் பதினெட்டு அடி வெறுங்காலில் நடக்க வேண்டும். அவள் எழுந்திருக்கவில்லை.

கூச்சம் என்று நினைத்துக்கொண்டார் போதகர். டீச்சருக்கு நாலாங்கிளாஸ் பிள்ளைகளைக் கண்டால்தான் பேச்சு வரும் என்று சொன்னதும் கோயிலே சிரித்தது. பிறகு அவரே வயரில்லாத மைக்கை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். வெறுங்கால்கள், அகலமானவை. குதிகால் பட்டு, விரல் பட்டு, எதையும் யோசிக்காமல் அந்தத் தரையில் அவை வந்துகொண்டிருந்ததை அவள் பார்த்தாள்.

பெஞ்சருகே குனிந்து, மைக்கை மூடிப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"பெருசா ஒண்ணும் பேச வேணாம்மா. எந்திரிக்கவும் வேணாம். கர்த்தர் நல்லவர், எனக்குச் சுகமாயிருச்சுன்னு ஒரே வரி. உக்காந்தபடியே சொல்லிருங்க."

இப்போது நடக்கக்கூட வேண்டாம். எல்லாவற்றையும் எளிதாக்கிக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறார்கள். ஒரே வரி. சொல்லிவிட்டால் கைதட்டுவார்கள், மதியம் பிரியாணி போடுவார்கள், லாசர் அடுத்த ஞாயிறும் இதே பெஞ்சில் உட்காருவார். அப்புறம் இந்த வலியை எங்கே வைப்பது? இருநூறு பேர் முன்னால் இல்லை என்று சொன்ன ஒன்றோடு, இன்னும் எத்தனை வருடம் தனியாகக் குடும்பம் நடத்துவது? மருந்தும் கேட்கவில்லை, ஜெபமும் கேட்கவில்லை. வலிக்கிறது என்ற ஒரு சொல்தான் அவளுக்கு மிச்சம். அதையும் இங்கே காணிக்கைத் தட்டில் போட்டுவிட்டுப் போக வேண்டுமா?

போதகர் மைக்கை அவள் வாயருகே கொண்டுவந்தார். அவளுடைய மூச்சு ஒலிபெருக்கியில் கேட்டது. லாசர் போனை இறக்கவில்லை. அவர் அவளைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் நேற்றே தெரிந்துவிட்டது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

தங்கம் இடது காலைத் தரையிலிருந்து தூக்கி, வலது பாதத்தின் மேல் வைத்துக்கொண்டாள். மைக்கின் தலையை உள்ளங்கையால் மூடி, மெதுவாகப் போதகர் பக்கமே தள்ளினாள்.

"வேணாங்கய்யா," என்றாள். "நான் சொல்லல."