உப்புத்தாள் தேய்த்த பிளக்குகள்

ஜீப் பந்தயத்தின் இறுதிச் சுற்றுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. முதலில் வருகிறவருக்கு மைசூர் அணியில் ஓட்டுநர் இடம். குடகில், கோணிக்கொப்பலுக்கு வெளியே, அறுவடை முடிந்த வயலில் ஆறு ஜீப்புகள் நின்றன. ஓட்டுகிறவர்களில் நான் ஒருத்திதான் பெண். என் கொழுந்தன் பெள்ளியப்பாவும் அந்த ஆறில் ஒருவன்.

ஒத்திகையில் என் ஜீப் மூன்று முறை திக்கியது. மேட்டில் முழு வேகம் கொடுக்கும்போதெல்லாம் இருமியது. என் மெக்கானிக், என் கணவன் மாச்சய்யாதான். முந்தின நாள் புது ஸ்பார்க் பிளக்குகளை அவனே மாட்டியிருந்தான். மைசூரில் கடை கடையாக ஏறி நான் வாங்கிவந்த செட் அது.

அவன் பன்றிக்கறிக் கடைப் பக்கம் போயிருந்தான். நானே பானெட்டைத் திறந்தேன். சூடு கையைச் சுட்டது. துணி சுற்றிக்கொண்டு நான்கு பிளக்குகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாக வைத்தேன்.

பார்வைக்குப் பளபளவென்றுதான் இருந்தன. நகத்தால் தடவியபோதுதான் தெரிந்தது. புது பிளக்கின் நடு முனை வெட்டினாற்போலக் கூர்மையாக இருக்கும். இவை நான்கும் ஓரம் மழுங்கி உருண்டிருந்தன. பக்கத்தில் மெல்லிய கீறல்கள். என் பழைய பிளக்குகளையே உப்புத்தாளால் தேய்த்துத் திரும்ப மாட்டியிருக்கிறான்.

மாச்சய்யா வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"என்ன இது, இப்பப் போய் பிரிச்சுப் போட்டிருக்கே?"

"திக்குது. பிளக் புதுசுதானே?"

"நேத்து உன் கண்ணு முன்னாடிதானே டப்பாவ எடுத்துட்டுப் போனேன். பெட்ரோல்ல தூசி இருக்கும்."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். நான் நான்கையும் துணியோடு அவன் கையில் வைத்தேன்.

"சரி. இத உன் தம்பி வண்டியில மாட்டு. அவனோடதுல இருக்கறத எனக்குக் குடு."

"எதுக்கு? இன்ஜின் சூடா இருக்கும்."

"என்னோடதும் சூடாத்தான் இருந்துச்சு. கழட்டலையா?"

அவன் நகரவில்லை. இரண்டு ஜீப் தள்ளி நின்ற பெள்ளியப்பா எங்களைப் பார்த்தான். பிறகு தன் பானெட்டை மெதுவாக மூடி, அதன்மேல் சாய்ந்துகொண்டான். பாவி, என் புது செட் அவன் வண்டியில்தான் இருக்கிறது; அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

"நீ ஜெயிச்சா வருஷத்துல பாதி நாள் ஊர் ஊராப் போயிடுவே," என்றான் மாச்சய்யா. "தோட்டத்த யாரு பாக்கறது? அவன்னா தனி ஆளு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேப்பியா?"

"மாட்டேன். அதான் சொல்லாம செஞ்சியா?"

அவன் பிளக்குகளைத் துணியில் சுற்றி முடிந்துகொண்டிருந்தான். மூன்று மாதமாகத் தினமும் காலையில் என்னோடு வந்து, நான் ஓட்ட ஓட்ட வரப்பில் நின்று நேரம் குறித்தவன் இவன்தான்.

அழ நேரமில்லை. வயலோரம் நின்ற எங்கள் வீட்டுக் காருக்கும் இதே பிளக்தான். மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடினேன். காருக்குள் மாமியார் கடம்புட்டு அரிசி உருண்டைகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னடி பிடுங்கறே?"

"உங்க மகன் வேலைய சரி பண்றேன் அத்தே. சாப்பிடுங்க."

"அப்போ நாங்க எப்படி வீட்டுக்குப் போறது?"

"அவரு கையில நாலு இருக்கு. ரொம்பப் புதுசாம்."

கொடி அசைவதற்கு இரண்டு நிமிடம் முன்பு கடைசி பிளக்கை முறுக்கினேன். மேட்டில் வண்டி ஒருமுறைகூட இருமவில்லை. பெள்ளியப்பாவைவிட இரண்டு நொடி முன்னால் வந்தேன். மற்ற நால்வரும் அவனுக்கும் பின்னால்.

மேஜையில் மைசூர் அணிக்காரர் படிவத்தை நிரப்பினார். "மெக்கானிக் பேரு?"

எப்போது வந்தான் என்று தெரியவில்லை. என் தோளில் கைவைத்து மாச்சய்யா தன் பெயரைச் சொல்லத் தொடங்கினான்.

"அந்த இடத்தக் காலியா விடுங்க சார்," என்றேன். "இனிமேதான் ஆள் தேடணும்."