பாதி உட்கார்ந்த பிள்ளை

ஏழரை மணி அடித்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. மலேசியாவில், மாசாய் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி. மூன்றாம் ஆண்டு வகுப்பின் வாசலில் லோஷினி மூச்சு வாங்க நின்றாள்.

"இன்னைக்கும் லேட்டா? பின்னால போயி நில்லு," என்றார் யோகேஸ்வரி டீச்சர்.

அந்த வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த ரூபினி டீச்சர் நிமிர்ந்தார். "அவங்கம்மா நைட் ஷிப்ட் முடிச்சி வந்துதானே ஏத்திட்டு வராங்க லா. நீ உக்காரும்மா."

"நில்லுன்னு சொன்னேன்."

"உக்காரு, லோஷினி."

அவள் தன் இடத்துக்குப் போய்ப் பாதி உட்கார்ந்தாள். முழங்கால் மடங்கியபடி, நாற்காலியைத் தொடாமல், இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டேய், கக்கூஸ்ல உக்கார்ற மாரி இருக்காடா!" என்றது பின்வரிசைக் குரல். வகுப்பே சிரித்தது.

அன்று ஆசிரியர் அறையில் யோகேஸ்வரி வெடித்தார். "செல்லம் கொடுத்துக் கெடுக்குற. இருவது வருஷமா எனக்குத் தெரியாததா?"

"பயந்துகிட்டு உக்கார்ற பிள்ள என்னத்த படிக்கும், டீச்சர்?"

அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. யோகேஸ்வரிக்கு எதிலும் மனம் நிலைக்கவில்லை. திருத்திய நோட்டையே திரும்பத் திருத்தினார்.

மறுநாள் லோஷினி வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. வீட்டுக்கு ரூபினி போன் செய்திருப்பாள் என்று யோகேஸ்வரி நினைத்தார். யோகேஸ்வரி செய்திருப்பார் என்று ரூபினி நினைத்தார். கேட்டுக்கொள்ளத்தான் பேச்சில்லையே.

மூன்றாம் நாள் பொறுக்காமல் யோகேஸ்வரியே கூப்பிட்டார். மறுமுனையில் தாய் பதறினாள். "என்ன டீச்சர் சொல்றீங்க? தினமும் நான்தானே மோட்டார் சைக்கிள்ல கொண்டாந்து கேட்ல எறக்கி விடுறேன்!"

யோகேஸ்வரி பள்ளி முழுக்கத் தேடினார். பள்ளியின் கடைசிக் கழிவறையின் கதவுக்குப் பின்னால் இருந்தாள் லோஷினி. மடியில் புத்தகப்பை.

"ஏம்மா இங்க?"

"வகுப்புக்கு வந்தா... நிக்கணுமா உக்காரணுமான்னு தெரியல டீச்சர்."

ஈரத் தரையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. யோகேஸ்வரி அவள் கையைப் பிடித்து வகுப்புக்கு அழைத்து வந்தார்.

"உக்காரும்மா."

லோஷினி உட்காரவில்லை. ரூபினியின் முகத்தைப் பார்த்தாள். ரூபினி தலையசைத்த பிறகே நாற்காலியைத் தொட்டாள்.

யோகேஸ்வரி ரூபினியை வாசலுக்கு அழைத்தார்.

"கண்டிப்பா, கனிவான்னு நாம நாளைக்கும் சண்ட போடுவோம், ரூபினி. ஆனா ஸ்டாப் ரூம்ல போடுவோம். பிள்ளைங்க முன்னால ரெண்டு பேரும் ரெண்டு சொல்லு சொன்னா, அதுங்களுக்கு நிக்கவும் எடமில்ல, உக்காரவும் எடமில்ல."