கோயோ ஐயாவின் இடுப்பளவு

மார்ச் பன்னிரண்டாம் தேதி எரிமலைக்குப் பிறந்தநாள். சான் லூக்காஸ் ஊரில் இதை யாரும் சந்தேகப்பட்டதில்லை. வரைபடத்தில் அதற்குப் பொப்பொகாதெபெத்ல் என்று பேர். ஊரார் வாயில் அது கோயோ ஐயா. வருஷா வருஷம் வான்கோழிக் குழம்பும் ஒரு குப்பி மெஸ்கால் சாராயமும் புதுத்துணியும் சுமந்துபோய், ஐயாவின் தொப்புள் எனப்படும் குகையில் வைத்துவிட்டு வருவார்கள். அந்தத் துணியைத் தைக்கிறவள் ஹெர்லிந்தா. பதினாறு வருஷமாக அவள்தான்.

மலைக்கு எப்படி அளவெடுப்பது என்று கேட்கிறவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். அளவை நபோரிடம் எடுக்க வேண்டும். நபோர் ஊரின் மழைக்காரர். வாலிபத்தில் ஆடு மேய்க்கப்போன இடத்தில் இடி விழுந்து பிழைத்தவர். இடி விழுந்து பிழைத்தால் அது ஐயா தொட்டுத் தேர்ந்தெடுத்த ஆள் என்று அர்த்தம். அப்புறம் ஐயா கனவில் வந்து பேசுவார், வேண்டியதைக் கேட்பார். கனவில் ஐயா நபோரின் உடம்பைத்தான் மாட்டிக்கொண்டு வருகிறாராம். ஆகவே நபோரின் இடுப்பே மலையின் இடுப்பு. ஐயாவுக்குப் பிடித்த குழம்பும் நபோருக்குப் பிடித்த குழம்பும் ஒன்றாகவே இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

இந்த வருஷம் எல்லாம் கெட்டது. ஐயா தலையில் பனி, வழுக்கை விழுந்தவன் பக்கவாட்டில் விட்டுவைத்த முடி அளவுக்குத்தான் இருந்தது. அதன்மேலும் சாம்பலைத் தூவிக்கொண்டார். உருகி வர ஒன்றுமில்லாததால் ஓடையை ஆட்டுக்குட்டி முழங்கால் நனையாமல் தாண்டியது. ஏப்ரல் பாதி போயும் ஒரு தூறல் இல்லை. மக்காச்சோள விதை மூட்டையிலேயே கிடந்தது. எல்லாரும் நபோர் வீட்டுக்குப் போனார்கள். ஐயா கனவில் வந்து கோபப்பட்டதாக நபோர் சொன்னார். காரணம், கால்சட்டை இடுப்பில் இறுக்குகிறதாம்.

அவ்வளவுதான். மழை வராததற்கு ஹெர்லிந்தாவின் தையல் காரணம் என்று ஆகிவிட்டது. அளவு சரி, துணி சரி, மயிரிழை பிசகவில்லை என்று அவள் சத்தியம் செய்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கடைக்காரி ஜாடை பேசினாள். கல்யாணத்துக்குக் கொடுத்திருந்த துணியைப் பெண்ணின் அம்மா வெட்டாமலே திருப்பி வாங்கிப்போனாள். பத்து நாளில் தையல் மெஷின்மேல் பூனை தூங்கியது. தப்புத் தைத்தவள் என்ற பேர் ஒட்டிக்கொண்டால் இந்த ஊரில் அவளுக்கு இனி ஊசி எதற்கு? அவள் அழுதாள், அழுத கையோடு மெஷினுக்கு எண்ணெயும் விட்டாள்.

மே மூன்று, சிலுவைத் திருநாள். மழை கேட்டு ஊரே குகைக்கு ஏறும் நாள். ஹெர்லிந்தா டேப்பும் கத்தரிக்கோலுமாக வந்து, ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பவும் அளவெடுக்க வேண்டும் என்று நபோர் உத்தரவு போட்டிருந்தார். அவரே முன்னால் நடந்தார். கறுப்புக் கால்சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாமல். முன்னால் போகிறவரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி மூன்று மணி நேரம் ஏறினால், தையல்காரிக்குத் தையல்தானே கண்ணில் படும். எங்கேயோ பார்த்த வெட்டாக இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டே ஏறினாள்.

குகை வாசலில் சாம்பிராணி போட நபோர் குனிந்தார். ‘டர்’ என்றது. பின்தையல் ஒரு சாண் பிரிந்தது. பிரிந்த இடத்தில், உள்மடிப்பில், ஒரு சிலுவைத் தையல். ஐயாவுக்குத் தைக்கும் துணியில் மட்டும், யாருக்கும் தெரியாமல் அவள் போடுகிற அடையாளம். சாம்பல் நிறத்தில் தைத்துக் கொடுத்ததைக் கறுப்புச் சாயத்தில் முக்கிப் போட்டுக்கொண்டிருந்தார் மனுஷர். இறுக்குகிறது என்பது கனவில் தெரிந்த சேதியில்லை. இரண்டு மாதம் கூடுதல் வான்கோழி தின்ற வயிற்றுக்குத் தெரிந்த சேதி.

சொன்னால் யார் நம்புவார்கள், மலையின் வாயே அவர்தானே என்று நினைத்தாலும் ஆத்திரம் விடவில்லை. கத்தரிக்கோலை நீட்டி, “நபோரு மாமா” என்றாள். அந்த நேரம் பார்த்து, பக்கத்துப் பைன் மரத்தில் இடி விழுந்தது.

கண் திறந்தபோது அவள் மல்லாந்து கிடந்தாள். முடி கருகிய வாடை. கத்தரிக்கோல் எங்கோ பறந்திருந்தது. சுற்றிலும் ஊர் மொத்தமும் தொப்பியைக் கழற்றி நின்றது. விழாப் பொறுப்பாளர் திமோதெயோ மண்டியிட்டு, நேற்றுவரை அவளோடு பேசாத வாயால் மெதுவாகக் கேட்டார். “அக்கா, ஐயா என்னக்கா சொன்னாரு?”

ஐயா ஒன்றுமே சொல்லவில்லை. அவள் காதில் வண்டு ரீங்கரித்தது, அவ்வளவுதான். நபோரைப் பார்த்தாள். பின்பக்கத்தைப் பாறையில் ஒட்டவைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“பொறந்தநாளுக்குத் தச்ச பேண்ட் தனக்கு இன்னும் வந்து சேரலன்னாரு,” என்றாள். “யாரு கால்ல கெடக்கோ, அவங்க இப்பவே கழட்டிக் குடுத்துரணுமாம்.”

ஊரில் வேறு யாரும் இதை நம்பாமல் இருந்திருக்கலாம். நபோர் நம்பினார். ஒரு தடவை இடி வாங்கியவருக்கு இரண்டாவது வேண்டாம்.

“சும்மா ஒரு தடவ போட்டுப் பாத்தேன் ஐயா,” என்று புகைவாயைப் பார்த்துச் சொன்னார். “குகையில நனைஞ்சு வீணாப் போகுதேன்னுதான்.” சொல்லிக்கொண்டே கழற்றி, மடித்து, குகைக்குள் வைத்தார். மேலே ஐயா ஒரு குட்டிப் புகையை ஏப்பமாக விட்டார். முதல் துளி நபோரின் வெறும் தொடையில் விழுந்தது.

இறங்குகிற வழியெல்லாம் மழை, நடுவில் ஆலங்கட்டி. நபோர் உள்ளாடையோடு குதித்துக் குதித்து இறங்கினார். பெண்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள், மறுபடி திரும்பியும் பார்த்தார்கள்.

மறுநாள் ஹெர்லிந்தா வீட்டில் துணி குவிந்தது. கல்யாணத் துணி முதலில் வந்தது. ஓடை வாசல்வரை சத்தம் போட்டது. மதியம் சாப்பிட்ட அசதியில் மெஷின்மேல் தலைசாய்த்து, பூனையோடு அவளும் தூங்கிப்போனாள்.

கனவில் ஒரு பெரியவர் வந்தார். தோளில் சாம்பல், தலையில் புதுப் பனி. இடுப்பில் அந்தக் கால்சட்டை. ஹெர்லிந்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பொருத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

“எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு,” என்றார் அவர், பட்டியைப் பிடித்து இழுத்தபடி. “இடுப்புதான் கொஞ்சம் இறுக்குது.”

விழித்தவள் ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டாள். சுள்ளி பொறுக்கப் போவதாகப் பக்கத்து வீட்டில் பொய் சொல்லிவிட்டு, இரண்டு விரற்கடை பிரித்துவிட மலையேறினாள்.