தலைகீழாய்ப் படித்த பாடம்

அந்தத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர்கள் இரண்டே பேர். இருவரும் கணவன் மனைவி. மனைவி தலைமை ஆசிரியை, கணவர் உதவி ஆசிரியர். வீட்டை விட்டு இறங்கியதும் அவர் ‘மேடம்’ என்பார், இவர் ‘சார்’ என்பார். நாளடைவில் ஊருக்கும் அவர்கள் மேடம், சார் என்றே ஆகிப்போனார்கள்.

அந்த வருஷம் மாவட்டத்துப் பள்ளிகளை வாசிப்பு, கணக்கு இரண்டிலும் சோதித்து வரிசைப்படுத்தினார்கள். இவர்கள் பள்ளி கடைசியில் நின்றது. கல்வி அதிகாரி அதைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். இப்படியே போனால் பள்ளியை மூடிவிட்டுப் பிள்ளைகளை டவுனுக்கு பஸ்ஸில் அனுப்ப வேண்டியதுதான் என்றார்.

மேடம் எழுந்தார். “அடுத்த வருஷம் நீங்களே வந்து கேளுங்க சார். எங்க பிள்ளைங்க படிப்பாங்க.”

திரும்பி வரும் வழியில் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். “வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டீங்களே மேடம்! எப்படிப் படிப்பாங்க?”

“அது தெரிஞ்சிருந்தா அங்கேயே சொல்லியிருப்பேனே” என்று சிரித்தார் மேடம். அவருக்குப் பயமில்லை.

மறுநாள் காலையில் நாலாம் வகுப்பில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். முதலில் வந்தவள் வாலு. டிராக்டர் ஓட்டுபவரின் மகள். ஓரிடத்தில் நிற்காததால் அந்தப் பெயர். ஆற்றைப் பற்றிய பாடத்தை ஆறு மாதிரியே ஓட்டினாள். விரல் வரிக்குக் கீழே ஒழுங்காக நகர்ந்தது. ‘பரவாயில்லையே’ என்று குனிந்து பார்த்த மேடம் திடுக்கிட்டார். புத்தகம் தலைகீழாக இருந்தது.

மேசை மேல் கிடந்த சோப்பு உறையை எடுத்து நீட்டினார். “இதைப் படி.”

வாலு அதை இப்படியும் அப்படியும் திருப்பினாள். “இது பாடத்துல இல்லையே மேடம்.”

மற்ற பிள்ளைகளும் அப்படித்தான். பாடம் மொத்தமும் காதால் ஏறியிருந்தது. கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை. முதல் மூன்று வகுப்புகளுக்கும் எழுத்து சொல்லிக்கொடுப்பவர் சார்; நாலும் அஞ்சும் மேடத்தின் வகுப்புகள்.

எப்படிச் சொன்னாலும் அவருக்குச் சுருக்கென்று இருக்கும். அதற்காகச் சொல்லாமல் விட முடியுமா? சாயங்காலம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவரிடம் மேடம் நேராகவே சொன்னார்.

“என்னங்க, பிள்ளைங்களுக்குப் படிக்கத் தெரியல. நீங்க சொல்றதைத் திருப்பிச் சொல்றாங்க. அதையே படிப்புன்னு நாம நினைச்சுட்டோம்.”

“நாமவா? நீங்கன்னே சொல்லேன்.” இஸ்திரிப் பெட்டி ணங்கென்று நின்றது.

இரண்டு நாளைக்கு ‘மேடம்’ வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. “மேடம், கொஞ்சம் உப்பு தர்றீங்களா?” மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு தந்தார்.

அதற்கு மேல் சாருக்கே தாங்கவில்லை. “ஒருநாள் வகுப்பை மாத்திக்கலாம். உங்க லட்சணமும் தெரியட்டும்” என்றார்.

மறுநாள் மதியத்துக்குள் மீசையெல்லாம் சாக்பீஸ் தூளோடு, பரம திருப்தியாக வந்து நின்றார். “மேடம், அஞ்சாம் வகுப்புல ஒருத்தருக்கும் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியல. போர்டுல நீங்க போட்டதை அப்படியே எழுதறாங்க. எண்ணை மாத்தினா திருதிருன்னு முழிக்கறாங்க.”

மேடத்தின் முகம் சிவந்தது. கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார். பிறகு, “நல்ல ஜோடிதான் நாம” என்றார். இருவரும் சிரித்த சிரிப்பில் பிள்ளைகள் ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து கூட்டமாகக் கத்திப் படிப்பது நின்றது. காலை வேளையில் வகுப்பைப் பார்க்காமல், யாருக்கு எவ்வளவு எழுத்து தெரியுமோ அதன்படி உட்கார வைத்தார்கள். மறு வாரமே வாலுவின் அப்பா டிராக்டரோடு வந்து இறங்கினார்.

“என் பொண்ணை ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களோட உக்கார வெச்சிருக்கீங்களாமே! என்ன சார் நியாயம் இது?”

மேடம் எழுந்திருப்பதற்குள் சார் வெளியே போய்விட்டார். “உங்க பொண்ணு மேல தப்பில்லைங்க. தப்பு என்னோடது. மூணு வருஷம் நான்தான் எழுத்தைச் சரியா சொல்லிக்கொடுக்கல. இப்ப கொடுக்கறேன். கொஞ்சம் பொறுத்துக்குங்க.”

சண்டைக்கு வந்தவர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். “சரி சார், பாத்துக்குங்க” என்று வண்டியைத் திருப்பினார். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த மேடத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அடுத்த வருஷம் அதிகாரி சொன்னபடி வந்தார். பையிலிருந்து யாரும் பார்த்திராத ஒரு கதையை எடுத்து வாலுவிடம் கொடுத்தார். அவள் நின்று நின்று, நீளமான சொல் வந்தால் உதட்டைக் கடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல வரி வரியாகப் போனாள்.

“ஏம்மா இவ்வளவு மெதுவா?”

“படிச்சுக்கிட்டு இருக்கேன் சார், அதான்.”

முடித்ததும் கதையைத் தன் வார்த்தையில் சொன்னாள். அதிகாரி இன்னொரு பிள்ளையைக் கூப்பிட்டார், பிறகு இன்னொன்றை. மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டார்.

வரிசை வந்தபோது பள்ளி நடுவில் இருந்தது. மூடும் பேச்சு நின்றது. “வாசிப்பு நல்லா ஏறியிருக்கு. கணக்குதான் இன்னும் பின்னாடி நிக்குது” என்று அதிகாரி போனில் இழுத்தார்.

“அது என் பாடம் சார். அடுத்த வருஷமும் வாங்க” என்றார் மேடம்.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் வாசலில் பக்கத்து ஊர்க்காரர்கள், பிள்ளைகளைச் சேர்க்க வந்து நின்றார்கள். சார் அதற்குள் பின்னறையிலிருந்து பழைய பெஞ்சை இழுத்து வந்து, கால் ஆடுகிறதா என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.