முகம் வழிக்க ஒரு கல்

வாதம் வந்து வலது கை விழுந்துபோனதிலிருந்து ஞானையன் முகம் மழிக்கவில்லை. தம்பானூர் லாட்ஜ் ஒன்றில் மேனேஜராக இருந்தவர். மடக்குக் கத்தியால் தானே முகம் வழித்துக்கொண்டுதான் தினமும் வேலைக்குப் போவார். இப்போது கரமனை வீட்டுக்குச் சலூன்காரரை வரவழைத்தாலும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“வேற ஆளு என்னை இப்படிப் பாக்காண்டாம்” என்றார், நாக்குக் குழற.

“அப்போ நான் வழிச்சு விடட்டா?” என்றாள் மனைவி எலிசாள்.

அவர் சுவர்ப்பக்கமிருந்து மெல்லத் திரும்பினார்.

கத்தி மொக்கையாகிக் கிடந்தது. தீட்டக் கொடுத்தால் யாருக்கு, என்னவென்று கேட்பார்கள். தானே தீட்டிவிடலாமென்று அவள் தீட்டுகல் வாங்கப் பஸ் ஏறிப் பழவங்காடிக் கடைத்தெருவுக்குப் போனாள்.

இரும்புச் சாமான் கடை வேலாயுதன் ஒரு கறுத்த கல்லை எடுத்து வைத்தார். “வெட்டுக்கத்திக்கு இது நல்லதாக்கும், சேச்சி.”

“வெட்டுக்கத்திக்கில்ல. எங்க வீட்டுக்காரருக்கு முகம் வழிக்கணும்.”

அவர் அதை ஒதுக்கிவிட்டு வழுவழுப்பான இரண்டு கற்களை எடுத்தார். ஒன்று ஒடுக்கம், ஒன்று அகலம். எலிசாளுக்கு எப்படிப் பார்ப்பதென்று தெரியவில்லை. அகலக் கல்லைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். குளிர்ச்சியாக இருந்தது.

“கல்லு வெச்சா ஷேவ் செய்யப் போறது?” என்று கேட்டார் வேலாயுதன்.

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துப் பல நாளாகியிருந்தது.

“முதல்தடவையாட்டு தீட்டுறதல்லவா? அப்போ வீதியுள்ளது மதி” என்று அவள் கையிலிருந்த அகலக் கல்லையே காட்டினார். “கத்தி முழுசும் கல்லுல படிஞ்சு கிடக்கும். கை தவறாது.”

சனிக்கிழமை மத்தியானம் கல்லை நனைத்து ஞானையன் முன்னால் உட்கார்ந்தாள். கத்தியின் முதுகைத் தூக்கிப் பிடித்து இழுத்தாள், கரகரவென்றது. ஞானையன் இடது கையை அவள் கைமேல் வைத்துக் கத்தி முதுகை மெல்லக் கல்லோடு அமர்த்தினார். சத்தம் மாறியது. அந்தக் கையை அவர் எடுக்கவில்லை. இரண்டு பேருமாகத் திருப்பித் திருப்பித் தீட்டினார்கள். பிறகு அவருடைய தோல் பெல்ட்டில் தேய்த்து, தன் முன்கை ரோமத்தில் வைத்துப் பார்த்தாள். வலிக்காமல் வந்தது.

சோப்பு நுரை பூசிக் கழுத்தில் கத்தியை வைத்தவள், ஒரு தடவை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

“பயமாட்டு இருந்தா கண்ண மூடிக்கிடுங்க.”

“நீ மூடாம இருந்தா போதும்.”

எலிசாள் சிரித்த சிரிப்பில் கத்தியைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. சிரித்து ஓய்ந்தபின் ஆரம்பித்தாள். கோணிப்போன வாயோரத்தை விரலால் தூக்கிப் பிடித்து, அங்கே மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டு வழித்தாள். தாடையில் ஒரு சின்னக் கீறல். படிகாரம் வைத்ததும் நின்றது.

ஞானையன் இடது கையால் முகத்தை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போவமா?” என்றார்.

அவள் போய் அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேடி எடுத்து இஸ்திரி போட்டாள்.