ஜன்னல் உயரச் செடிகள்

பக்கத்து வீட்டு லேத் பட்டறைக்காரர் செடி வாங்கப் போகிறார் என்று தெரிந்ததும் நானும் கூடவே கிளம்பிவிட்டேன். அழைப்புக்குக் காத்திருந்தால் இந்தத் தெருவில் எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. தாடியைத் தவிர வேறெதையும் வளர்த்தறியாத மனிதர். தனியாக விட்டால் வாடினதையெல்லாம் தலையில் கட்டிவிடுவார்கள்.

நர்சரிக்காரப் பெண் வெயில் எப்படி, மண் எப்படி என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இவரோ பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்துச் செடிகளை அளந்துகொண்டிருந்தார்.

"குரோட்டன் வாங்குங்க தம்பி. பெரிய ஓட்டல் வாசல் மாதிரி கலர் கலரா இருக்கும்" என்றேன்.

"எத்தனை நாள்ல அஞ்சடி வரும்?"

"குரோட்டன்னா வருஷக்கணக்காகும்" என்றாள் அவள். "கல்வாழை வைங்க. வளர்ந்ததையெல்லாம் நேத்து ஒருத்தர் மொத்தமா தூக்கிட்டுப் போயிட்டாரு, கிழங்குதான் இருக்கு. புதைச்சுத் தண்ணி ஊத்துனா போதும், புதுசா வளர்க்கிறவங்களுக்கு அதைவிடச் சுலபம் இல்ல. இலையும் காடு மாதிரி அகலமா வரும். ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசமா?"

"செடிக்கு ஓவர்டைம் குடுக்க முடியாதே சார்."

நானும் அவளும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. பன்னிரண்டு கிழங்கு வாங்கினார். அடியில் இடைவெளி தெரியாமலிருக்க, முறம் அளவு இலை விடுகிற சேம்பில் நாலு. எந்தப் பக்கம் வைக்கப் போகிறார் என்று கேட்டேன். "உங்க வீட்டுப் பக்கந்தான்க்கா" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலையில் அவர் குழி தோண்டுவதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். லேத்தில் கடைந்தது போல நூல் பிடித்த வரிசை. அது என் ஜன்னலுக்கு ஒரு அடி இந்தப் பக்கம் தொடங்கி, ஒரு அடி அந்தப் பக்கம் முடிந்தது. மற்ற மூன்று பக்கமும் வெறும் தரை.

அவர் மனைவிக்கு ஆறு மாதமாக வைத்தியம் நடக்கிறது. முடியெல்லாம் கொட்டிவிட்டது. காலையில் அரை மணி நேரம் வெயில் படட்டும் என்று டாக்டர் சொல்ல, போன மாதம் ஒரு நாள் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா இப்படி உருக்குலைஞ்சு போயிட்டே" என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன். பாசத்தில் கேட்டதுதான். அவள் தலை இருந்த லட்சணம் அன்று சாயங்காலத்துக்குள் நாலு வீட்டுக்குத் தெரிந்தது வேறு விஷயம். அதன் பிறகு அவள் வெளியே வரவில்லை.

"ஏன் தம்பி, ஒரு படுதாவைக் கட்டினா அஞ்சு நிமிஷ வேலை" என்று குழி தோண்டிக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன். என் குரல் எனக்கே புளித்தது.

அவர் நிமிரவில்லை. "கட்டத்தான் போனேன்க்கா. அவதான் விடல. அக்கா மனசு கஷ்டப்படும், செடின்னா ஒண்ணும் தோணாதுன்னா." மண்ணை மிதித்து அழுத்தினார். "டாக்டரும் அவளுக்கு ரெண்டு மாசந்தான் கெடு சொல்லியிருக்காரு."

மூன்று வாரத்தில் இலைகள் முழங்கால் உயரம்கூட வரவில்லை. நான் காலை ஏழு முதல் எட்டு வரை ஜன்னலைச் சாத்திவைக்க ஆரம்பித்தேன். "ஏன்டி, சமையக்கட்டைச் சூளையாக்கப் போறியா?" என்றார் என் வீட்டுக்காரர். தூசி வருகிறது என்றேன். நான் ஒரு விஷயத்தை அவரிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டது கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

இன்று காலை அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தபோது அவர்கள் பின்கதவு திறந்தது. சிமென்ட் தரையில் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு நடை, மெதுவான நடை. ஒருவருடையதா, இரண்டு பேருடையதா என்று பிடிபடவில்லை. அவளும் வந்தாளா, அவர் தண்ணீர் ஊற்றத்தான் வந்தாரா? இவ்வளவு பக்கத்தில் ஒரு சேதியை வைத்துக்கொண்டு நான் சும்மா நின்றதே இல்லை. வாளி கணீரென்றது. வெங்காயம் கருகி, புகை கண்ணைக் கரித்தது. எண்ணெய்ப் பிசுக்கேறிய தாழ்ப்பாளின் மேல் என் இரண்டு விரல்கள் இருந்தன.